அந்தோ! கழுவாமல் விட்ட ஒரு படத்தின் கதை

“தம்பி, எனக்கு மஞ்சக்காமால வந்திருச்சு. ஒரு எட்டு வந்து பாரு” என்று பெயிண்டர் அண்ணன் போனில் சொன்னபோது உண்மையிலேயே பதறிவிட்டேன். மண்டபத்திலிருந்து பாலம் தாண்டித் தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தால், மனிதர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். காமாலை அவருக்கு இல்லை, உள்ளே சுவரில் மாட்டியிருந்த அவர் படத்துக்கு.

2023 மே மாதம் நான் எடுத்து, நானே பிரிண்ட் போட்டு, மொத்தம் எட்டே பிரிண்ட், அதில் முதலாவது என்று பின்பக்கம் பென்சிலால் 1/8 எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பழைய புத்தகத் தாள் போல மஞ்சள் தட்டியிருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில், அதிலும் படகின் அடிப்பக்க இருட்டில், சாய்த்துப் பார்த்தால் மீன் செதில் மாதிரி நீலம் கலந்த ஒரு வெள்ளி மினுக்கம். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஒம்பது வருசம் முன்னாடி எழுதுன போர்டு இன்னும் பளிச்சுனு நிக்குது. ஒன் படம் ரெண்டு வருசம் தாங்கலையே” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இவரிடம் இருந்தது 1/8. 2/8 மதுரையில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் காசு கொடுத்து வாங்கியவர். வயிற்றைக் கலக்கியது அதுதான். அன்று ராத்திரியே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஓரங்களில் லேசாக மஞ்சள் தெரிகிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மினுக்கம் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். இல்லையாம். ஆக, ஒரே நாளில் ஒரே ட்ரேயில் பிறந்த இரண்டு படங்கள்: ஒன்றுக்கு ஒரு நோய், இன்னொன்றுக்கு இரண்டு.

வைத்தியத்துக்கு முன்னால் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடித்து, பெயிண்ட் பூசுவார்கள். ஊருக்கெல்லாம் கை வறண்டிருக்கும் காலம் அண்ணனுக்கு மட்டும் அறுவடைக் காலம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கடைப் பலகைகளில் பாதி அவர் கையால் எழுதியவை. பிளக்ஸ் வந்தது, கடைகள் போயின. படகுகள்தான் மிச்சம். பெயரையும், நடுவில் டிஎன் 10 வரும் பதிவு எண்ணையும் இன்னும் பிரஷ் பிடித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆளை ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் உட்கார வைக்காமல், அவர் புழங்கும் இடத்தையே பின்புலமாக்கி எடுக்கும் படத்துக்குச் சூழல் உருவப்படம் என்று பெயர் சொல்லலாம். அமெரிக்கரான ஆர்னால்ட் நியூமேன் இதில் பெரிய கை. 1942இல் நியூயார்க்கில் ஓவியர் மோன்ட்ரியானை அவருடைய ஓவிய அறையிலேயே எடுத்தார். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை 1946இல் எடுத்த படத்தில் பியானோவின் திறந்த மூடிதான் முக்கால்வாசி, ஆள் ஒரு மூலையில். கேட்டு எடுக்கச் சொன்ன பத்திரிகையே அதை வேண்டாம் என்று தள்ளியது. இன்று அதன் பிரிண்டைச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். 1944இல் கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த ஓவியர் மத்தீஸ் படமும் இந்த வகைதான்: ஒரு கையில் புறா, இன்னொரு கையில் பென்சில், பக்கத்தில் கூண்டுகள். முகத்தைவிட அந்தக் கூண்டுகள்தான் என் மனதில் நின்றன. அதனால் அண்ணனை எடுக்கும்போது முகத்தை நெருங்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

இடம், பாம்பன் வடகடல் கரை. காலை ஏழரை மணி. கரையேற்றிய ஒரு விசைப்படகின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, கீழே, நிழலில், டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று அவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். கேமரா பழைய யாஷிகா மேட் 124ஜி, 120 பிலிம், ரோலுக்கு 12 சதுரப் படங்கள். ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமின் வேகத்தை 400க்குப் பதிலாக 200 என்று வைத்துக்கொண்டு, கூடுதல் வெளிச்சம் கொடுத்தேன். நிழலில் விவரம் தங்குவதற்காக. படகு நீலம், எழுத்து மஞ்சள். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகப் போகாமல் இருக்க மஞ்சள் பில்டர் போட்டேன். அது நீலத்தை அழுத்தி மஞ்சளைத் தூக்கிக் கொடுக்கும், பதிலுக்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும். எஃப் 8இல் அறுபதில் ஒரு விநாடி, ஸ்டாண்டில் வைத்து.

தூரத்தில் பழைய ரயில் பாலம் தெரிந்தது. 1914இல் திறந்த பாலம், அப்போது ரயில் ஓடாமல் சும்மா நின்றது. ஸ்டாண்டை இரண்டடி தள்ளி வைத்துப் பாலத்தைப் படகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பாம்பனில் எடுக்கிற எந்தப் படத்திலும் பாலம் தலைநீட்டினால் அது போஸ்ட் கார்டு ஆகிவிடும். ஆளைப் பார்க்க மாட்டார்கள், பாலத்தைப் பார்ப்பார்கள்.

இந்தக் கேமராவில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். எழுத்துகளெல்லாம் திரும்பித் தெரிந்ததால் அவர் எதுவரை எழுதியிருக்கிறார் என்று நான் வாசிக்கவே இல்லை. பிரிண்ட் போட்டபோதுதான் பார்த்தேன். படகின் பெயர் ‘அந்தோணியார் துணை’. நான் ஷட்டரை அமுக்கிய நேரத்தில் அவர் முடித்திருந்தது ‘அந்தோ’ மட்டும். அடுத்த எழுத்துக்குப் பிரஷ் தூக்கிய கை, மேலே ஆளுயரத்துக்கு ‘அந்தோ’, மீதியெல்லாம் வெற்றுப் பலகை. தற்செயலாக வந்த அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மதுரைக்காரர் படத்தை வாங்கினார் என்பது என் சந்தேகம்.

சரி, வைத்தியம்.

நம் ஊரில் பிலிமிலிருந்து படம் ஆக்குகிற மொத்த வேலைக்கும் ‘கழுவுறது’ என்றுதான் பெயர். “பிலிம் கழுவக் குடுத்திருக்கேன்”, “படம் கழுவி வந்திருச்சா?” நான் 2023இல் டெவலப் செய்தேன், ஹைப்போவில் போட்டேன், காயவைத்தேன், கையெழுத்தும் போட்டேன். கழுவத்தான் இல்லை. அந்த வாரம் மூன்று நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடம் 12 ரூபாய்க்கு வாங்கி வைத்த தண்ணீரை வீட்டில் சமையலுக்கென்று பூட்டாத குறையாகப் பாதுகாத்தார்கள். ஒரு வாளித் தண்ணீரில் எட்டு பிரிண்டையும் பத்து நிமிடம் அலசி எடுத்துக் கொடியில் போட்டேன். பார்க்கப் பளபளவென்று இருந்தன. வந்த வினை அதுதான்.

ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து வெளியே எடுப்பது அதன் வேலை. வேலை முடிந்ததும் அது வெளியேற வேண்டும். தாளுக்குள்ளேயே தங்கினால் அதிலுள்ள கந்தகம் மெல்ல மெல்லப் படத்தின் வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்பைடு ஆக்கும். மஞ்சள், பிறகு பழுப்பு. இதை அண்ணனுக்கு விளக்கும்போது, “இது பைபர் பேப்பர்ணே, தண்ணிய உறிஞ்சும்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “பைபர் எங்கடா தண்ணி குடிக்கும்? மரப் போட்டுதான் குடிக்கும்.” அவர் சொன்னதுதான் சரியான விளக்கம். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பர் பைபர் படகு மாதிரி. மருந்து உள்ளே போகாது, இரண்டு நிமிடம் அலசினால் போதும். நூற்றாண்டு தாங்க வேண்டும் என்று நாம் ஆசைப்படும், பிளாஸ்டிக் பூச்சில்லாத வெறும் நார்த் தாளான பைபர் பேப்பரோ மரப் படகு மாதிரி. குடித்ததைக் கக்க வைப்பதுதான் பாடு. ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் 240 லிட்டர், எங்கள் வீட்டுக் கணக்கில் 20 குடம். மண்டபத்தில் 20 குடம் நல்ல தண்ணீரைப் படத்துக்கு ஊற்றினால் வீட்டை விட்டே துரத்திவிடுவார்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று சோதனை மருந்து தயாரித்தேன். லிட்டர் கணக்கில் சொன்னால்: தண்ணீர் 750 மில்லி, 28 சதவீத அசெட்டிக் அமிலம் 125 மில்லி, சில்வர் நைட்ரேட் 7.5 கிராம், அப்புறம் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர். எனக்கு 50 மில்லி போதும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசில் 0.38 கிராம் நிறுத்தேன். கையில் பட்டால் ஒரு வாரத்துக்குக் கறுப்பு போகாது, கண்ணில் படவே கூடாது. பெட்டியில் என்னிடம் மிச்சம் இருந்த 2023 பிரிண்ட் ஒன்றின் வெள்ளை ஓரத்தை நனைத்து, மங்கிய வெளிச்சத்தில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தேன். நல்ல படம் என்றால் சொட்டு விழுந்த இடம் தெரியாது, மிஞ்சினால் லேசான வெண்ணெய் நிறம் வரும். என்னுடையதில் வந்தது பட்டை டீ நிறம்.

இன்னொரு சொட்டும் உண்டு: சோடியம் சல்பைடு. ஹைப்போ செத்துப்போய் வெள்ளி உப்பைச் சரியாக எடுக்காமல் விட்டிருந்தால் இது மஞ்சளாகக் காட்டிக் கொடுக்கும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பேப்பர் வைத்திருக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலும் மஞ்சள். ஆக, ஒரே ஹைப்போவில் அளவுக்கு மீறிப் பிரிண்ட் போட்டிருக்கிறேன் என்பதும் தெரிந்தது. ஒருநாள் கெட்டிக்காரத்தனத்துக்கு இரண்டு சாட்சி.

வெள்ளி மினுக்கத்துக்குக் காரணம் வேறு. எனாமல் பெயிண்ட் காயும்போது பெராக்சைடு ஆவிகள் வெளிவரும். அது வெள்ளியை அரித்து நுண்ணிய துகளாக மேல்பரப்புக்குக் கொண்டுவந்து கண்ணாடி மாதிரி படியவைக்கும். கடல் ஈரம் அதற்குத் துணை. புதிதாகப் பெயிண்ட் அடித்த அறையில் வெள்ளிப் படங்களை மாட்டாதே என்று அருங்காட்சியகக்காரர்கள் சொல்வது இதனால்தான். நான் மாட்டிய இடமோ, வருடம் முழுக்கப் பெயிண்ட் டின் திறந்தே கிடக்கும் கொட்டகை. பெயிண்டர் படத்தைப் பெயிண்ட் கொட்டகையில் மாட்டுவதுதான் பொருத்தம் என்று பெருமையாக ஆணி அடித்தவனும் நானே.

மறுபடி பிரிண்ட் போடுவது என்று முடிவாயிற்று. நெகட்டிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிலிம் பிளாஸ்டிக், அது குடிக்கவில்லை. போர் தண்ணீர் காய்ந்த சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் இருந்தன. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்துத் திரும்பக் காயவைத்தேன், போய்விட்டது.

தண்ணீருக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. விடை ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. ஹைப்போ நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீரில் சீக்கிரமாக வெளியேறும். கப்பலில் நல்ல தண்ணீர் தட்டுப்பாட்டில் படம் கழுவியவர்கள் கண்டது இது. உப்புக் கரைசலிலுள்ள அயனிகள் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டினையும் தாளின் நாரையும் பற்றியிருக்கும் தயோசல்பேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. இதே வேலையைச் சுத்தமாகச் செய்வதற்குத்தான் பின்னால் சோடியம் சல்ஃபைட் கரைசல்கள் கடைக்கு வந்தன. ஆனால் கடைசியில் உப்பை நல்ல தண்ணீரால் எடுத்தே ஆக வேண்டும். உப்பு தங்கினால் ஈரத்தை இழுக்கும், வெள்ளியை அரிக்கும். ஹைப்போவைத் துரத்த உப்பு, உப்பைத் துரத்தக் கொஞ்சம் நல்ல தண்ணீர். இதுதான் திட்டம்.

கடலில் எங்கே எடுப்பது என்பதும் விஷயம்தான். ஜெட்டி பக்கம் டீசல் மிதக்கும். வடகடலில் பாசி ஒதுங்கி அழுகிய இடத்தில் சேறு நாறும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளிக்கு நேர் எதிரி. தென்கடலில், அலை தெளிந்த விடிகாலையில், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நான்கு கேன் எடுத்தேன். பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி ஒரு ராத்திரி தெளியவிட்டேன். அடியில் பொடி மணல் படிந்திருந்தது. அது படத்தின் மேல் பட்டால் கீறல்தான்.

பிரிண்ட் போட்டது குளியலறையில், ராத்திரி பத்து மணிக்கு மேல். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர், ராமநாதபுரத்தில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து இரும்பு விலைக்கு வாங்கிய மியோப்டா ஓபமஸ். மே மாத ராத்திரியில் குழாய்த் தண்ணீரே 31 டிகிரி இருந்தது. அந்தச் சூட்டில், தாளில் படத்தை வரவழைக்கும் மருந்தான டெவலப்பர் தறிகெட்டு ஓடும், ஜெலட்டினும் ஊதி மெத்தென்று ஆகி நகம் பட்டாலே உரியும். ஐஸ் கம்பெனியில் அரை பார் வாங்கி உடைத்துப் பெரிய டப்பில் போட்டு, அதற்குள் டெவலப்பர் ட்ரேயை உட்காரவைத்தேன். தடைக்காலம் என்பதால் ஐஸ் கம்பெனியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். “மீனே இல்ல, எதுக்கு சார் ஐஸு?” என்று கேட்டதற்கு, படம் கழுவ என்றேன். அந்தப் பையன் முகம் போன போக்கை எழுத வராது. 24 டிகிரிக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

டெவலப்பர் கைச்சரக்கு, டி-72: மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, சோடியம் கார்பனேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2, எல்லாம் ஒரு லிட்டருக்கு, பயன்படுத்தும்போது ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர். கலக்கியது கடையில் வாங்கிய கேன் குடிநீரில். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் சுண்ணாம்பு திரிந்து வெள்ளையாக மிதக்கும்.

11க்கு 14 அங்குலத் தாளில் 10 அங்குலச் சதுரமாகப் படம். 5 விநாடி படிகளில் சோதனைத் துண்டு போட்டு, 20 விநாடி என்று நின்றேன். நிழலில் இருக்கும் முகத்துக்கு 4 விநாடி கையால் வெளிச்சத்தை மறைத்து வெளிறவைத்தேன், அணியத்துக்கு மேல் தெரியும் வானத்துக்கு 12 விநாடி கூடுதலாக வெளிச்சம் காட்டிக் கறுக்கவைத்தேன். 2023இல் வானத்தை வெள்ளையாகவே விட்டிருந்தேன். இப்போது பார்க்கையில் அது சோம்பேறித்தனம் என்று தெரிந்தது. லேசான சாம்பல் வந்ததும் அணியம் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. நான்கு நல்ல பிரிண்ட் வர ஒன்பது தாள் செலவாயிற்று. தாள் விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

ஹைப்போ இந்த முறை இரண்டு ட்ரே. லிட்டருக்கு 250 கிராம், படிகாரம் சேர்க்காதது. படிகாரம் போட்டுக் கெட்டிப்படுத்தினால் கழுவும் நேரம் நீளும். ஒவ்வொன்றிலும் 4 நிமிடம். முதல் ட்ரே பாரத்தைச் சுமக்கும், இரண்டாவது மிச்சத்தைத் துடைக்கும். அதிகமாக ஊறவைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், ஊற ஊறத் தாள் மேலும் குடிக்கும்.

இரண்டாவது ஹைப்போவிலிருந்து நேரே செலீனியம் டோனர், ஒன்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர். வெள்ளியின் ஒரு பகுதி வெள்ளி செலீனைடாக மாறும். பெயிண்ட் ஆவிக்கும் கடல் காற்றுக்கும் அது அவ்வளவு எளிதில் மசியாது. டோனர் விஷம். கையுறை போட்டு மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்தேன். அமோனியா நெடி மூக்கைத் துளைத்தது. டோன் செய்யாத ஈரப் பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் கறுப்பில் இருந்த பச்சைச் சாயல் போய், ஆழமான கறுப்பு இறங்கியது. நின்றுவிட்டேன். மிச்ச டோனர் பாட்டிலில் பரண் மேல் இருக்கிறது. பழைய ஹைப்போவை வாளியில் ஊற்றிப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளி அதில் கறுப்புச் சேறாகப் படியும். மீன் வளரும் தண்ணீரில் இதையெல்லாம் கொட்டிவிட்டு ஊரில் முழிக்க முடியாது.

இனி கழுவல். கடல் தண்ணீர் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 4 லிட்டர், 5 நிமிடம், தாள்களை அடியிலிருந்து மேலே புரட்டிக்கொண்டே. அப்புறம் லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைசலில் 10 நிமிடம். அப்புறம் நல்ல தண்ணீர் ஆறு முறை. இங்கேதான் புத்தி மறுபடி கோணலாகப் போனது. காவிரிக் குடிநீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிணற்றுத் தண்ணீரை எடுத்தேன். ஆறு முறையும் முடித்து, ஓரத்தில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டேன். வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று படர்ந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுவந்தேன், கண்ணெதிரே கத்திரிக்காய் நிறத்துக்கு மாறிப் பழுப்பாயிற்று.

போச்சு, ஹைப்போ இன்னும் இருக்கிறது என்று தலையில் கை வைத்தேன். திரும்ப மூன்று முறை கிணற்றுத் தண்ணீர். மறுபடி அதே கத்திரிக்காய். மணி ராத்திரி இரண்டு. வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பள்ளிக்கூட ஆய்வகம் ஞாபகம் வந்தது. சில்வர் நைட்ரேட்டில் உப்பு பட்டால் வெள்ளி குளோரைடு, வெள்ளை வீழ்படிவு; வெளிச்சம் பட்டால் ஊதாவாகும். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தது, இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் பயன்பட்டது. ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். பால் மாதிரி திரண்டது. என் கிணறே அரைக் கடல். அதில் கழுவி உப்பை எடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு சத்தமில்லாமல் இரண்டு குடம் காவிரித் தண்ணீரைத் தூக்கிவந்தேன். குடத்தில் நான்கு முறை, கேன் தண்ணீரில் கடைசி இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் வடிந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பால், மோர், நீர்மோர் என்று இறங்கிக் கடைசியில் கலங்கல் தெரியவில்லை. தாளின் ஓரத்திலும் சொட்டு விட்டேன்; நிறமே வரவில்லை என்று சொல்லலாம். கிணற்றுத் தண்ணீர் கூத்தைக் கழித்துப் பார்த்தால் நல்ல தண்ணீர் செலவு இரண்டரைக் குடம்தான். காலையில் குடத்தின் கணக்கு வீட்டில் வேறு மாதிரி எடுக்கப்பட்டது, அது தனிக் கதை.

காயவைப்பதை மாடியில் செய்யக் கூடாது. கச்சான் காற்று அள்ளிவரும் உப்பு திரும்ப ஏறிக்கொள்ளும். கதவைச் சாத்தி, கொசுவலையைக் கட்டில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் மேல் தாளைக் கவிழ்த்துப் போட்டேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி சுருண்டன. ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, பிளைவுட், அதற்கு மேல் அம்மி. மூன்று நாளில் நேராகிவிட்டன.

தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மறைப்பதற்கு ஸ்டுடியோக்காரர்கள் டச்சிங் என்பார்கள். எனக்குக் கை நடுங்கும். அண்ணனிடமே கொண்டுபோனேன். கறுப்பு வாட்டர் கலரைத் தண்ணீர் விட்டு மிக மெல்லியதாக்கி, மூன்று முடி மட்டும் இருக்கும்படி பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூர்மையாக்கி, தன் முகத்தின் மேலே தானே புள்ளி வைத்தார். இடது கைக்குச்சியில் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, படகில் எழுதுவது போலவே. நான்கு படத்துக்கு அரை மணி நேரம். எங்கே புள்ளி இருந்தது என்று இப்போது எனக்கே தெரியாது. “அப்படியே நரையையும் கொஞ்சம் கறுப்பாக்கிறவா?” என்று கேட்டார். வேண்டாம்ணே என்று பிடுங்கிக்கொண்டேன். ‘ணியார் துணை’யை எழுதி முடித்துவிடவும் கை துறுதுறுத்தது. அதற்கும் விடவில்லை.

மதுரைக்காரரிடம் வேறு ஒரு சிக்கல். எட்டு என்று சொன்னால் எட்டுதான். புதிய 2/8 வேண்டுமென்றால் பழைய 2/8 என் கைக்கு வந்து அழிய வேண்டும், இல்லையென்றால் நான் சத்தமில்லாமல் ஒன்பதாவது பிரிண்ட் விற்றவன் ஆவேன். அவரோ பழையதைத் தர மனமில்லாமல் இழுத்தார். நெகட்டிவ் எடுத்த காலத்திலேயே போட்ட பிரிண்டுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு, பிற்காலப் பிரிண்ட் இரண்டாம் பட்சம். அது உண்மையும்கூட. உங்கள் விண்டேஜ் பத்து வருடத்தில் வாழைப்பழத் தோல் ஆகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில், பின்பக்கம் ‘நெகட்டிவ் 2023, பிரிண்ட் 2025’ என்று இரண்டு வருடத்தையும் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினார். எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் அது ஏமாற்று. பழையதைக் கத்தரித்துத் துண்டு துண்டாகச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். முதல் துண்டிலேயே அதே பட்டை டீ நிறம். புதியதை அமிலம் இல்லாத பருத்தி அட்டையில் மூலைகளை மட்டும் பிடித்துப் பொருத்தி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு அனுப்பிவைத்தேன்.

அண்ணனுக்கும் அதே மாதிரி ஒன்று. அவர் பழையதைத் தர மறுத்துவிட்டார். “குடுத்தது குடுத்ததுதான், பண்டத்தத் திருப்பி வாங்குற பழக்கம் உண்டா?” அதனால் புதியதில் எண் போடவில்லை, ‘பெயிண்டர் அண்ணனுக்கு’ என்று மட்டும் எழுதினேன். வீட்டுக்குள், அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில், அடுப்புப் புகை போகாத சுவரில் நானே மாட்டினேன். கொட்டகைச் சுவருக்கு வேண்டுமென்றால் பெரிதாகப் பிளக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

தடைக்காலம் முடிவதற்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் போனேன். கொட்டகைச் சுவரில் அதே ஆணியில் பழைய 1/8. கண்ணாடியைக் கழற்றிப் போட்டிருந்தார். மஞ்சள் தட்டிய வானத்தை நீல எனாமலால் மூடி, வெள்ளி மினுங்கிய அடிப்பக்கத்துக்குச் சிவப்புப் பட்டை இழுத்து, தன் பிரஷ் முனையிலிருந்து வலது பக்கமாக, வெற்றுப் பலகை மேல் மஞ்சளில் ‘ணியார் துணை’ என்று எழுதி முடித்திருந்தார். போனில் ஒரு படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். அண்ணன் என்ன விலை சொல்கிறார் என்று கேட்டு மதுரைக்காரர் இதுவரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அண்ணனிடம் சொன்னேன். “இன்னும் வார்னிஷ் அடிக்கல, இருக்கச் சொல்லு” என்கிறார்.